கோமாளி மீன் கடல் சாமந்திக்குள் போகவில்லையா? வாசகர் கேள்வி பதில்

சில மாதங்களாக வருகிற கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கோமாளி மீன் வாங்கினோம், கடல் சாமந்தியும் வாங்கினோம், இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை, என்ன செய்வது? அதனால் இந்த இதழில் அதைச் சேர்ந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள், மயிலாடுதுறையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வீட்டுக் கூடத்தில் ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கடைகளில் அனிமோன் என்று சொல்கிற, பூப் போல விரிந்து கொட்டுகிற கடல் விலங்கைத்தான் இங்கே கடல் சாமந்தி என்று எழுதுகிறேன்.

கேள்வி: அம்மா, என்னிடம் மூன்றடித் தொட்டி இருக்கிறது. ஓட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. கொளத்தூரிலிருந்து ஒரு ஜோடி அஸெல்லாரிஸ் கோமாளி மீனும், ஒரு பபுள் டிப் அனிமோனும் வரவழைத்தேன். ஒரு மாதம் ஆகப்போகிறது. மீன் இரண்டும் மூலையில் இருக்கிற மண்சட்டித் துண்டை விட்டு நகர்வதில்லை. வலையால் பிடித்து அனிமோன் மேலேயே விட்டுப் பார்த்தேன். தெறித்து ஓடிவிட்டன. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "படத்துல உள்ள போய் உக்காருமே, இது ஏன் போகல?" என்று கேட்கிறார்கள்.
(ஒரு வாசகர், திருவாரூர்)

பதில்: முதலில் அந்த வலையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள் தம்பி. இனிமேல் அந்த வேலை வேண்டாம். கடல் சாமந்தியிடமிருந்து மீனைக் காப்பாற்றுவது அதன் உடம்பின் மேல் இருக்கிற வழும்புதான். வலையில் உரசும்போது அந்த வழும்பு அங்கங்கே வழிந்துவிடும். வழும்பு போன உடம்போடு அதைக் கொட்டுகிற உயிரின் மேல் கொண்டுபோய் விட்டால் மீனுக்குச் சுடத்தான் செய்யும். ஒருமுறை சுட்டுவிட்டால் அந்தப் பக்கம் வர அது இன்னும் யோசிக்கும்.

அடுத்தது, நீங்கள் வாங்கிய ஜோடிப் பொருத்தம். உலகத்தில் கடல் சாமந்தி வகைகள் ஆயிரத்துக்கு மேல் உண்டு. கோமாளி மீனுக்கு இடம் கொடுப்பவை பத்தே வகைதான். அதிலும் ஒவ்வொரு மீனுக்கும் சொந்த விருப்பம் இருக்கிறது. அஸெல்லாரிஸ் கடலில் மூன்று வகைகளோடுதான் வாழ்கிறது. ஒன்று மேக்னிஃபிகா, மற்ற இரண்டும் கார்பெட் இனத்தைச் சேர்ந்த ஜைகான்டியாவும் மெர்டென்சியும். பபுள் டிப் அந்தப் பட்டியலில் இல்லை. மெரூன் கோமாளிக்குப் பபுள் டிப்தான் ஒரே வீடு, பார்த்ததும் போய்ப் புகுந்துகொள்ளும். கிளார்க்கி என்கிற மஞ்சள் வால் கோமாளி பத்து வகையிலும் குடியிருக்கும். உங்கள் மீனுக்கோ பபுள் டிப் அந்நியம். இதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. தொட்டிகளில் அஸெல்லாரிஸ் பபுள் டிப்பை ஏற்றுக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. மேக்னிஃபிகாவும் கார்பெட்டும் வீட்டில் பிழைப்பது கடினம். ஆகவே நீங்கள் வாங்கியது சரியான உயிர்தான். நேரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

இன்னொரு காரணம் மீன் பிறந்த இடத்தில் இருக்கிறது. கடலில் தாய் மீன் தன் கடல் சாமந்தியின் அடியில், பாறையை ஒட்டி முட்டையிடும். முட்டை ஒரு வாரம் போலப் பொரியாமல் இருக்கும். அத்தனை நாளும் அதைச் சுற்றி வருவது கடல் சாமந்தியின் வாசனைதான். அந்த வாசனை குஞ்சின் நினைவில் பதிந்துவிடுகிறது. பொரிந்து வெளியே மிதந்து போன குஞ்சு, பத்து நாள் கழித்துத் தரை தேடி வரும்போது அந்த வாசனையைப் பிடித்துத்தான் வருகிறது. இன்று கடைகளில் கிடைக்கும் அஸெல்லாரிஸில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவை. பண்ணையில் முட்டையிட டைல்ஸோ மண்சட்டியோ வைப்பார்கள். கடல் சாமந்தி என்றால் என்ன என்றே தெரியாமல் வளர்ந்த மீன் சட்டித் துண்டை வீடாக நினைப்பதில் தப்பே இல்லை. பண்ணை மீனை வாங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான், கடலிலிருந்து ஒரு மீன் குறையவில்லை. பழகும் திறமையும் அதன் உடம்பிலேயே இருக்கிறது. பார்த்தே இராத மீனும் பழகிக்கொள்ளும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுக்க மீனைப் பற்றியே இருக்கிறது. கடல் சாமந்தி எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. இந்தக் கேள்வியோடு வருகிற கடிதங்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன. அது பூ இல்லை தம்பி, பசி, களைப்பு, இடம் பிடிக்காமை எல்லாம் தெரிகிற ஒரு விலங்கு. அது சரியாக இல்லாவிட்டால் மீன் கிட்டே வராது, வரவும் கூடாது.

இன்று மாலை தொட்டிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை மட்டும் பாருங்கள். நிறம் பழுப்பாகவோ பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கிறதா, வெள்ளை வெளேரென்று இருக்கிறதா? அதன் சதைக்குள் குடியிருக்கிற நுண்பாசிதான் வெளிச்சத்தை வைத்து அதற்குச் சாப்பாடு தயாரிக்கிறது. அந்தப் பாசி போய்விட்டால் உடம்பு வெளுத்துவிடும். வெளுத்ததை "வெள்ளை அனிமோன், அபூர்வம்" என்று விற்கிறார்கள். மனசு வலிக்கும், அது பட்டினியில் கிடக்கிற உயிர். வாய் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். பிளந்து தொங்கினால் உடம்புக்கு ஆகவில்லை என்று அர்த்தம். அடிப்பாதம் பாறை இடுக்கில் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். வந்த புதிதில் ஊர்ந்து ஊர்ந்து இடம் தேடுவது இயல்பு. பிடுங்கி நட்ட நாற்று கொஞ்ச நாள் சோர்ந்து நின்று, வேர் பிடித்த பிறகு பச்சை கட்டுகிற மாதிரிதான் இதுவும். ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஊர்ந்துகொண்டே இருந்தால் வெளிச்சமோ நீரோட்டமோ அதற்கு ஒத்து வரவில்லை. ஊர்கிற நாட்களில் பம்பின் வாயில் கட்டாயம் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். பம்புக்குள் இழுபட்டுச் சிதைந்த கடல் சாமந்தி ஒரே இரவில் தொட்டியில் உள்ள அத்தனை உயிரையும் கொண்டுபோய்விடும்.

தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்குள், உப்படர்த்தி 1.025 அல்லது 1.026, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. இது தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று ஏறி இறங்குவதைக் கடல் சாமந்தி தாங்காது. செம்பு அதற்கு விஷம். வெண்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்தை அந்தத் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். நம் வீடுகளில் செம்புக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் வழக்கம் உண்டு, அந்தத் தண்ணீரும் வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மீனை மெதுவாக அழைத்துவரலாம். முதல் வேலை சட்டித் துண்டை எடுப்பது. சட்டென்று எடுக்காமல், தினமும் ஒரு விரற்கடை கடல் சாமந்தி இருக்கும் பக்கமாக நகர்த்துங்கள். அதன் வாயைச் சுற்றி அசைகிற விரல்கள் படுகிற தூரத்துக்கு அரையடி முன்பு வந்ததும் எடுத்துவிடுங்கள். கூடவே அலை பம்பைத் திருப்பி, பழைய மூலையில் நீரோட்டம் கொஞ்சம் வேகமாகவும் கடல் சாமந்தி பக்கம் நிதானமாகவும் இருக்கும்படி வையுங்கள். கோமாளி மீன் வலுவான நீச்சல்காரன் இல்லை, அமைதியான இடத்துக்குத்தான் ஒதுங்கும். கடல் சாமந்தியின் பாதத்தைப் பெயர்த்து மீன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பாதம் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். அது பிடித்திருக்கிற பாறை தனியாக நகரும் என்றால் பாறையோடு நகர்த்தலாம்.

இரண்டாவது, சாப்பாடு. விளக்கு அணைவதற்கு அரைமணி முன்பு கடல் சாமந்திக்கு மேலேயே உணவு விடுங்கள். வாரம் இரண்டு முறை, உப்புப் போடாத பச்சை இறாலை அதன் வாயைவிடச் சின்னதாக நறுக்கி, இடுக்கியால் அதன் விரல்களில் வையுங்கள். மீன் அதைப் பிடுங்க வரும். பிடுங்கட்டும், உரசலில்தான் பழக்கம் ஆரம்பிக்கிறது. வாய்க்குக் கொள்ளாத துண்டு கிடைத்தால் பழகிய மீன் அதைக் கொண்டுபோய்க் கடல் சாமந்தியிடமே போடும்.

இரண்டு மூன்று மாதம் இப்படிப் பார்த்தும் அசையவில்லை என்றால் மட்டும் மூன்றாவது வழி. கண்ணி பெரிதாக இருக்கிற பிளாஸ்டிக் வலைப்பெட்டியைக் கவிழ்த்து, கடல் சாமந்தியும் மீனும் ஒரே பெட்டிக்குள் வரும்படி வையுங்கள். மீன் ஒதுங்கி நிற்கவும் அதில் இடம் இருக்க வேண்டும். மாலையில் வைத்துக் காலையில் எடுத்துவிடுங்கள். இரவில்தான் மீன் படுக்க இடம் தேடும். மீனை வலைபோட்டுப் பிடிக்காமல் ஒரு குவளையில் தண்ணீரோடு மொண்டு விடுங்கள்.

பழக ஆரம்பிப்பது எப்படித் தெரியும்? மீன் முதலில் வாலால் தட்டிப் பார்க்கும். உடனே பின்வாங்கும். அப்புறம் வயிற்றுத் துடுப்பு, பக்கத் துடுப்பு, பிறகு வயிறு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் நேரம் தொட்டு, உடம்பை அலைத்து அலைத்து ஒரு ஆட்டம் ஆடும். சில மீன் ஒரு மணி நேரத்தில் முழுசாக உள்ளே போய்விடும். சில மீனுக்கு ஒரு வருடம் ஆகும். சில போகாமலே இருந்துவிடும். தொட்டியில் துரத்துகிற பெரிய மீன் இல்லாதபோது அதற்குப் பாதுகாப்பு தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இரண்டும் தனித்தனியாக நன்றாக வாழும். உறவினர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் ரசித்துக் கேட்பார்கள்.

கேள்வி: கோமாளி மீன், கடல் சாமந்திக்குள் இருக்கிற மாதிரி ஒரு போட்டோவைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டினால் மீன் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்கிறார்கள். உண்மையா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: பலர் ஒட்டுகிறார்கள், போனது என்றும் சொல்கிறார்கள். ஒட்டாமலே போயிருக்கக்கூடிய மீன்கள் அவை. பண்ணை மீனுக்குப் பதிந்திருக்க வேண்டியது வாசனை, படத்தில் வாசனை கிடையாது. ஏற்கெனவே பழகிய உயிருள்ள மீன் ஒன்று அதே தொட்டியில் இருந்தால் புது மீன் சீக்கிரம் பழகுவதை மட்டும் நான் பார்த்திருக்கிறேன். படத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒட்டட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை இரண்டு கிலோமீட்டர்தான். கடல் தண்ணீரையே கேனில் பிடித்து வந்து ஊற்றலாமா? இல்லை, பக்கத்தில் வேதாரண்யம் உப்பு மலிவாகக் கிடைக்கிறதே, அதைக் குடிநீரில் கரைத்துக்கொள்ளலாமா? கடல் மீன் தொட்டிக்கென்று கடைக்காரர் சொல்கிற பாக்கெட் உப்பு விலை கட்டுப்படியாகவில்லை.
(ஒரு வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: வேதாரண்யம் உப்பு மேல் எனக்கு மரியாதை உண்டு சகோதரி. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளிய உப்பு. ஆனால் அது சமையலுக்கு. ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். அதில் நாம் சாப்பிடுகிற சோடியம் குளோரைடு பெரும்பங்கு. மீதியில் மெக்னீசியம் ஒன்றேகால் கிராமுக்குச் சற்றுமேல், கால்சியம் 0.4 கிராம், பொட்டாசியம் அதே அளவு, சல்பேட்டு, கார்பனேட்டு எல்லாம் இருக்கின்றன. பாத்தியில் தண்ணீர் வற்றும்போது கால்சியம் முதலிலேயே சுண்ணாம்பாகவும் ஜிப்சமாகவும் அடியில் படிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விளைவதுதான் உப்பு. உப்பை வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்பு நீரோடு மெக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடும். ஆக நம் கைக்கு வருவது கடலில் ஒரு பகுதி மட்டும். மீனாவது அதில் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். கடல் சாமந்தி சுருங்கிக்கொண்டே போகும்.

கடல் தண்ணீர் எடுக்கலாம். எப்போது, எங்கே என்பதில்தான் விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். காவிரியின் கிளையாறுகளும் வடிகால்களும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற நேரம் அது. கரையோர நீரில் உப்பு குறைந்து, வயல்களில் போட்ட உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரை நல்ல காலம். துறைமுகம், ஆற்று முகம், இறால் பண்ணை வாய்க்கால் மூன்றுக்கும் தள்ளி, கடல் ஏற்றத்தின்போது எடுங்கள். தெரிந்த மீனவர் யாராவது இருந்தால் கொஞ்சம் உள்ளே போய் எடுத்து வரச் சொல்லலாம். டீசல் ஊற்றிய கேன் கூடாது. வீட்டில் இரண்டு வாரம் மூடி வைத்துத் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, உப்படர்த்தி பார்த்துப் பிறகு ஊற்றுங்கள்.

எப்படிச் செய்தாலும், ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். உப்பு நீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: நீங்கள் சொன்னபடி என் மீன்கள் அனிமோனுக்குள் போய்விட்டன. இப்போது அதுவே பிரச்சினை. கிளார்க்கி ஜோடி, பெரியது நான்கு அங்குலம். நாள் முழுக்க அதைப் போட்டு உழக்குகின்றன. அனிமோன் விரியவே மாட்டேன் என்கிறது.
(ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: உங்கள் கடல் சாமந்தி எத்தனை அங்குலம் என்று எழுதவில்லை, மீனைவிடச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். விரிந்த நிலையில் பெரிய மீனைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம் இருந்தால்தான் அது அவர்களைத் தாங்கும். கிளார்க்கி முரட்டு மீன். இரண்டையும் துளை போட்ட ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, கடல் சாமந்தியை மட்டும் மூன்று நான்கு மாதம் ஊட்டி வளர்த்துப் பெரிதாக்குங்கள். இரக்கப்பட்டு நடுவில் தடுப்பை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: வரும் தையில் எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். கூடத்தில் கடல் மீன் தொட்டி வைத்து, அன்றைக்கே கோமாளி மீனும் அனிமோனும் விட ஆசை. எத்தனை நாள் முன்பு தண்ணீர் நிரப்ப வேண்டும்?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வீடு நல்லபடியாகக் குடிபுக வாழ்த்துகள் ஐயா. இன்றே நிரப்பினால் தைக்குள் ஒரு ஜோடிக் கோமாளி மீன் மட்டும் விடலாம். கடல் சாமந்தி அடுத்த ஆடிக்கு மேல்தான். கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்குகிற பாக்டீரியா பாறையிலும் மணலிலும் ஊறி, அளவுகள் ஏறி இறங்காமல் நிலைக்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அவசரப்பட்டு விட்டால் சின்ன உயிர் வதைபட்டுச் சாகும். நல்ல நாளில் அது வேண்டாம்.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். மற்ற மீன்களைக் கொட்டித் தின்கிற கடல் சாமந்தி, கோமாளி மீனை மட்டும் ஏன் விட்டுவிடுகிறது? இந்த மீன் நம் பக்கத்துக் கடலில் இருக்கிறதா?
(ஒரு மாணவி, சீர்காழி)

பதில்: மகளே, கடல் சாமந்தியின் ஒவ்வொரு விரலிலும் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுண்ணிய ஊசிநூல் சுருட்டி அடைக்கப்பட்டிருக்கும். ஏதாவது உயிர் உரசினால் நூல் சீறி வெளியே வந்து குத்தும். வெறும் உரசல் மட்டும் போதாது, உரசுகிற உடம்பின் மேல் உள்ள சில வேதிப்பொருட்களும் விசையைத் தூண்டுகின்றன. மீன்களின் வழும்பில் சாதாரணமாக இருக்கிற சியாலிக் அமிலம் அப்படி ஒன்று. கோமாளி மீனின் வழும்பில் அது மிகக் குறைவு என்று அண்மை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லார்வாவாக மிதக்கும்போது அந்தக் குறைவு இருப்பதில்லை. வளர்ந்து வெள்ளைப் பட்டை தோன்றுகிற பருவத்தில்தான் குறைகிறது, அதுதான் கடல் சாமந்தி தேடிப் போகிற பருவமும்.

பிறவிப் பாதுகாப்பு இருந்தாலும் பழகவும் வேண்டியிருக்கிறது. 1958-லேயே டேவன்போர்ட், நோரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். கோமாளி மீன் மெல்ல மெல்லத் தொட்டுப் பழகிய பிறகுதான் கொட்டு இல்லாமல் உள்ளே போகிறது, பாதுகாப்பு அதன் வழும்பில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். மேலே திருவாரூர் தம்பிக்கு நான் சொன்ன ஆட்டம் இதுதான்.

கடல் சாமந்திக்கு இதில் என்ன லாபம் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மீனின் கழிவில் வருகிற அம்மோனியா அதன் உடம்பிலுள்ள பாசிக்கு உரம். இரவில் மீன் உள்ளே படுத்துக்கொண்டு துடுப்பை அசைப்பதால் விரல்களுக்கிடையே தண்ணீர் ஓடி ஆக்சிஜன் கிடைக்கிறது. அதைக் கடித்துத் தின்ன வருகிற வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கோமாளி மீன் விரட்டுகிறது.

நம் கடலில் உண்டா? ஆரஞ்சு நிற அஸெல்லாரிஸ் தமிழகக் கரையில் இல்லை, இந்தியாவில் அதைப் பார்க்க அந்தமான் போக வேண்டும். ஆனால் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பக்கமும் செபே என்ற நம் சொந்தக் கோமாளி மீன் இருக்கிறது. கரும்பழுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டைகள், மஞ்சள் வால். மணலில் புதைந்து விரிகிற ஹட்டோனி கார்பெட் கடல் சாமந்தியில் குடியிருக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கே எதையும் எடுக்கக் கூடாது. உயிர்ப் பவளம் எடுப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். "அனிமோனுக்குப் பதில் நம்மூர்ப் பவளம் வைத்தாலும் மீன் உட்காரும்" என்று யாராவது விற்க வந்தால் வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி வாங்காமல் தடுத்துவிடு. உன் ஊருக்கு வடக்கே கொள்ளிடம் தாண்டினால் பரங்கிப்பேட்டை. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீன் குஞ்சு பொரித்து வளர்க்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. உன் ஆசிரியரிடம் சொல்லி, அனுமதி வாங்கி வகுப்போடு போய்ப் பார்த்துவிட்டு வா.

கேள்வி: எங்கள் ஊரில் கத்திரி வெயிலில் தொட்டி நீர் 32 டிகிரி ஏறுகிறது, மழைக்காலத்தில் கரண்ட் நிற்கிறது. கஜா போல ஒன்று வந்தால் என்ன செய்வது? அனிமோன் வைக்கத் தயக்கமாக இருக்கிறது.
(ஒரு வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா கரையைக் கடந்த பிறகு உங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறக்க முடியாது. மனிதர்களுக்கே குடிநீர் இல்லாத நேரம் அது.

வெயிலை முதலில் பார்ப்போம். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் இருந்தால் கடல் சாமந்தி தன் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடினால் இரண்டு டிகிரி குறையும். காற்று ஈரமாக இருக்கிற நாளில் அதுவும் குறையாது. உங்கள் ஊர் நிலவரத்துக்குச் தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் இல்லாமல் கடல் சாமந்தி வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பணம் சேரும் வரை கோமாளி மீன் மட்டும் வையுங்கள், ஒன்றிரண்டு டிகிரி கூடினால் அது சமாளிக்கும்.

மின்தடையில் விளக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், இருட்டை இரண்டு மூன்று நாள் அது பொறுக்கும். தண்ணீர் அசையாமல் நின்றால்தான் ஆபத்து. இன்வெர்ட்டரில் அலை பம்பை மட்டும் இணையுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று பம்பு இரண்டு வாங்கி, புரட்டாசிக்குள் ஓட்டிப் பார்த்து வையுங்கள். அந்த நாட்களில் தொட்டிக்குச் சாப்பாடு போட வேண்டாம். இன்னொன்று, மழைக்காலத்தில் கொசு அதிகம் என்று தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து அடிப்பதோ சுருள் கொளுத்துவதோ கூடாது. அதிலுள்ள மருந்து மீனுக்குக் கடும் விஷம், காற்று பம்பு அதை உறிஞ்சித் தண்ணீருக்குள்ளேயே விடும்.

கேள்வி: மூன்று வருடமாக அனிமோனில் இருந்த ஜோடியில் பெரிய மீன் இறந்துவிட்டது. மிஞ்சிய சின்னது உள்ளேயே ஒடுங்கிக் கிடக்கிறது. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஜோடி சேர்க்கலாமா? ஆணா பெண்ணா என்று எப்படிப் பார்த்து வாங்குவது? அனிமோனுக்கும் வயதாகிவிட்டதோ என்று பயம்.
(ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது சகோதரி. கடல் சாமந்தியின் வயதைப் பற்றிப் பயம் வேண்டாம். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் 1828-ல் எடுத்து வளர்த்த ஒரு கடல் சாமந்தி, கண்ணாடி ஜாடியிலேயே 1887 வரை வாழ்ந்தது. அது வேறு வகைதான், ஆனாலும் நன்றாகப் பார்த்துக்கொண்டால் உங்களுடையதும் நீண்ட காலம் இருக்கும்.

கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். இறந்தது பெண், மிஞ்சியது ஆண். சில வாரங்களில், சில சமயம் சில மாதங்களில், இதுவே பெண்ணாக மாறிவிடும். ஆகவே புதிதாக வாங்குவது இதைவிட நன்றாகச் சின்னதாக இருக்க வேண்டும். கடையில் இருப்பதிலேயே சிறிய, சுறுசுறுப்பான பண்ணைக் குஞ்சு ஒன்று போதும். ஒத்த அளவில் வாங்கினால் இரண்டும் சண்டையிட்டு ஒன்று சாகும்.

வாங்கியதும் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பாருங்கள். உடம்பில் வெண்படலம், வேக மூச்சு, சாப்பாட்டில் வெறுப்பு எதுவும் இல்லை என்றால் துளைப் பெட்டியில் போட்டு, கடல் சாமந்தியின் பக்கத்தில் நான்கைந்து நாள் தொங்கவிடுங்கள். அப்புறம் விளக்கு அணைந்ததும் திறந்துவிடுங்கள். பெரியது கொஞ்சம் விரட்டும். சின்னது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை நடுக்கிக் காட்டினால் பணிந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே ஒரு மீன் ஏற்கெனவே குடியிருப்பதால் புதிதுக்கு வழி தேட வேண்டிய சிரமம் குறைவு. துடுப்பு கிழிகிற அளவுக்குச் சண்டை போனால் மட்டும் மறுபடி பெட்டியில் எடுத்து வைத்து, ஒரு வாரம் கழித்து முயன்று பாருங்கள்.